மறதியை மூப்பென்று ஒதுக்காதவர்களுக்கு நன்றி

பெருமதிப்பிற்குரிய மருத்துவர்களுக்கும், செவிலியர்களுக்கும், எங்கள் தெருவினருக்கும் வணக்கம்.

கும்பகோணம் பேருந்து நிலையத்தில் 28 ஆண்டுகள் நேரக் காப்பாளராக இருந்து ஓய்வு பெற்ற என் தந்தையாருக்கு, இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே உள்ள மைட்ரல் வால்வில், அதன் இதழ்களைச் சேர்த்துப் பிடிக்கும் கிளிப் பொருத்தப்பட்டு இந்த வாரத்தோடு ஆறு மாதங்கள் நிறைவடைகின்றன. அவர் உயிர் பிழைத்ததற்கு மட்டும் நன்றி சொல்வதானால் இம்மடல் இரண்டு வரியில் முடிந்திருக்கும். பழைய அப்பாவைப் பெருமளவு திரும்பக் காண்கிறோம் என்பதால்தான் சற்று நீட்டி எழுதுகிறேன்.

முன்பு வந்த மாரடைப்பில் அவருடைய இதயம் பலவீனப்பட்டு, இடது கீழறை விரிந்து, மைட்ரல் வால்வின் இரண்டு இதழ்களும் பொருந்தி மூட இயலாமல் போயின. உடலுக்குப் போக வேண்டிய இரத்தத்தில் ஒரு பங்கு ஒவ்வொரு துடிப்பிலும் மேலறைக்கே திரும்பிக்கொண்டிருந்தது. மூச்சிரைப்பையும் கால் வீக்கத்தையும் நோயென்று அறிந்திருந்தோம், மறதியை அப்படி எண்ணவில்லை. மாத்திரை போட்டதை மறந்து மறுபடியும் போடுவார், அல்லது போட்டுவிட்டதாக நினைத்து விட்டுவிடுவார். நீர் மாத்திரை தவறினால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். மூச்சுத் திணறி உறங்காத இரவுக்கு மறுநாள் குழப்பம் இன்னும் கூடும். முதலில் நாங்கள் போன இடத்தில், “எழுபத்து நாலு வயசு, அப்படித்தான் இருக்கும்” என்று சொல்லி அனுப்பினார்கள். நாங்களும் அதை நம்பிவிட்டோம்.

ஆகவே முதல் நன்றி, இதயத்தைக் காட்ட வந்த மனிதரிடம் கடிகாரம் ஒன்றை வரையச் சொன்ன மருத்துவருக்கு. மான்ட்ரியல் அறிவாற்றல் மதிப்பீடு என்னும் அந்தத் தேர்வில் 30க்கு 26 வந்தால் இயல்பு என்பது வழக்கமான கணக்கு. அப்பாவுக்கு 18 வந்தது. பன்னிரண்டு எண்களும் வட்டத்தின் வலப்பக்கத்தில் நெருக்கியடித்து நிற்க, இடப்பக்கம் வெறுமையாகக் கிடந்தது. விடியற்காலை மாயவரம் வண்டி தொடங்கி இரவுக் கடைசி வண்டி வரை தாளைப் பாராமல் சொன்னவர் வரைந்த கடிகாரம் அது. நான் எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டேன். உடல் எடையில் ஏறத்தாழ 2 சதவீதமே உள்ள மூளை, இதயம் அனுப்பும் இரத்தத்தில் சுமார் 15 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது என்பதையும், அந்த வரத்து குறைந்தால் கவனமும் நினைவும் தளரக்கூடும் என்பதையும் விளக்கிய அம்மருத்துவர், இரத்தசோகை, சோடியக் குறைவு, மனச்சோர்வு ஆகியவற்றையும் சோதித்து விலக்கிய பிறகே வால்வைப் பற்றிப் பேச்செடுத்தார்.

கிளிப் பொருத்திய நிபுணருக்கு நாங்கள் கடன்பட்டிருப்பது அவருடைய கைத்திறனுக்கு மட்டுமன்று, ஒளிவுமறைவற்ற பேச்சுக்கும்தான். இந்தக் கிளிப்பைப் பற்றி 2018இல் வெளியான இரண்டு ஆய்வுகளையும் அவர் எங்கள் முன் வைத்தார். 614 பேரைக் கொண்ட கோஆப்ட் ஆய்வில், மருந்து மட்டும் பெற்றவர்களில் சுமார் 46 சதவீதத்தினரும், கிளிப்பும் சேர்த்துப் பெற்றவர்களில் 29 சதவீதத்தினரும் இரண்டு ஆண்டுகளுக்குள் இறந்திருந்தனர்; பிரான்சில் நடந்த மற்றோர் ஆய்விலோ ஓராண்டு முடிவில் பயன் எதுவும் தென்படவில்லை. யாருக்குப் பொருத்துகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது என்று சொல்லி, மருந்துகளை முழு அளவுக்கு ஏற்றி நான்கு மாதம் பார்த்த பின்னரே தேதி குறித்தார். “மூளை தெளியும்னு எழுதிக் கொடுக்க முடியாதும்மா, தெளிஞ்சா லாபம்” என்றார். இத்தாலிய அறுவை மருத்துவர் அல்ஃபியெரி நெஞ்சைத் திறந்து இரண்டு இதழ்களின் நடுவே போட்ட தையலைத்தான், இன்று தொடைச் சிரை வழியே செல்லும் கிளிப் செய்கிறது என்பதையும் படம் வரைந்து காட்டினார்.

மயக்க மருந்து கொடுத்தவருக்கும், உணவுக்குழாய் வழியே எக்கோ பார்த்து வழிகாட்டியவருக்கும் என் வணக்கம். அன்றிரவு தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த செவிலியரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். மயக்கம் தெளிந்த அப்பா, “திருவாரூர் வண்டியை எடுங்கப்பா” என்று கத்தி ஊசிக்குழாயைப் பிடுங்கப் போனார். அந்தச் செவிலியர் அப்பாவின் கையைக் கட்டச் சொல்லவில்லை. மூக்குக் கண்ணாடியை மாட்டிவிட்டு, “எத்தனை மணி வண்டிங்க ஐயா?” என்று கேட்டு, இது எந்த ஊர், என்ன கிழமை என்பதை மெல்ல எடுத்துச் சொன்னார், விடிந்ததும் திரையை விலக்கி வெயில் வரவிட்டார். அவர் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை.

மூன்றாம் மாதம் சொற்களை மாற்றி மறுபடியும் தேர்வு வைத்தார்கள். 24 வந்தது. ஒருமுறை எழுதிய பழக்கத்தாலும் ஓரிரு மதிப்பெண் கூடலாம் என்றும், நல்ல உறக்கமும் ஒழுங்கான மருந்தும் இதில் பங்கு கொண்டிருக்கும் என்றும் மருத்துவர் எச்சரித்ததால், எல்லாப் புகழையும் கிளிப்புக்கே கொடுக்க எனக்குத் துணிவில்லை. இம்முறை எண்கள் அதனதன் இடத்தில் நின்றன. பதினொன்று பத்துக்கு முள் வைக்கச் சொன்னபோது, “அந்த நேரத்துக்கு எந்த வண்டியும் கிடையாதே” என்றாராம். பெரிய முள்ளைத் தவறாகத்தான் வைத்தார். வங்கிக் கணக்கை இன்னும் நான்தான் பார்க்கிறேன்.

பணம் திரட்டித் தந்த ஓய்வுபெற்ற ஓட்டுநர், நடத்துநர்களுக்கும், காலை மாலை என்று மாத்திரைகளைப் பிரித்துப் பொட்டலமிட்டுத் தரும் மருந்துக்கடைக்காரருக்கும், நள்ளிரவில் இருமுறை ஆட்டோ எடுத்த அண்ணனுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. மூன்று நாளில் இரண்டு கிலோ கூடினால் உடனே அழைக்க வேண்டும் என்று சொல்லி, எடை எழுத நாட்காட்டி ஒன்றைத் தந்தனுப்பிய செவிலியருக்குத் தனி நன்றி. அதை இப்போது நாங்கள் எழுதுவதில்லை. எடையோடு நேரத்தையும் சேர்த்து, 6.05 – 61.4 என்று அப்பாவே எழுதிக்கொள்கிறார்.

நன்றியுடன்,
நேரக் காப்பாளரின் மகள்,
கும்பகோணம்.