வகுப்பு முடிந்த பின் ஒரு மணி நேரம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேலூரில் நான் கல்லூரியில் படித்த காலத்தில், மாலையில் நண்பர்களுடன் கோட்டை அகழியோரம் அமர்ந்து, ஆர்க்காட்டிலிருந்து ஆங்கிலேயரின் குதிரைப்படை வரத் தாமதமாகியிருந்தால் 1806ஆம் ஆண்டுச் சிப்பாய்ப் புரட்சி என்னவாகியிருக்கும் என்று தொடங்கும் பேச்சு, கடவுள், சாதி, காதல் எனச் சுற்றிவந்து, காட்பாடிக்குச் செல்லும் பேருந்தைத் தவறவிட்ட பிறகும் ஓயாது. ஒரு பொட்டலம் வேர்க்கடலை நால்வருக்கும் போதும். கடுமையாக மறுத்துப் பேசியவனே மறுநாள் என் வாதத்தைத் தன்னுடையதாக எடுத்துவைப்பான் (அதற்காக இன்றும் அவனை நாங்கள் சும்மா விடுவதில்லை). தேர்வுக்குப் படித்ததில் பெரும்பகுதி மறந்துவிட்டது. சிந்திக்கப் பழகியது அந்தப் பேச்சுகளில்தான். இன்று சில கல்லூரிகளில் மணி அடித்தவுடன் மாணவர்களைப் பேருந்தில் ஏற்றி அனுப்பிவிடுகிறார்கள். மரத்தடியில் ஒரு மணி நேரமாவது பேசியிருக்க அனுமதித்து, அதற்கேற்பப் பேருந்து நேரத்தை மாற்றியமைக்க நிர்வாகங்கள் முன்வர வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், வேலூர்