ஆயிரம் ரூபாய்தானே என்று கட்டிவிடாதே

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. போனில் சொல்லலாம் என்று மூன்று நாளாகப் பார்க்கிறேன். ரிங் போய்க்கொண்டே இருக்கிறது. சரி, வேலை இருக்கும். கார் என் பெயரில் இருப்பதால், நீ வேகமாகப் போனாய் என்று அபராதம் போட்ட சலான் மெசேஜ் எனக்குத்தான் வந்தது. பிரிண்ட் எடுத்து, ஆர்.சி. நகலோடு இதில் வைத்திருக்கிறேன்.

முதலில், பணத்தைக் கட்டிவிடாதே. ஆயிரம் ரூபாய்தானே, தொலையட்டும் என்பாய், உன்னைத் தெரியும். கட்டினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும்.

சிவப்பு மையில் கோடு போட்ட இடத்தைப் பார். வாகன வகை: இருசக்கர வாகனம். வேகம் 58, அனுமதி 50. சென்னையில் 2023 நவம்பரிலிருந்து பைக்குக்குத்தான் 50, காருக்கு 60. ஆக, நீ போனது தப்பே இல்லை. யாரோ ஒரு வரியை மாற்றி அடித்த வினை. போட்டோவில் இருப்பது நம் கார்தான், கேட்டில் இடித்த பள்ளம்கூடத் தெரிகிறது. இ-சலான் தளத்தில் புகார் பகுதி இருக்கிறது. இந்தப் போட்டோவையும் ஆர்.சி.யையும் அதில் ஏற்று. நோட்டீஸ் தாமதமாக வந்தது என்று சொல்லும் வழி வேண்டாம். வகையையும் வேகத்தையும் மட்டும் எழுது. கோபமாக எழுதாதே. பணம் கட்டாதே.

நேரத்திலும் தப்பு இருக்கிறது. சலானில் 14.47. போட்டோ மூலையில் 02.47, தெருவிளக்கு எரிகிறது. அதற்கு நான் கோடு போடவில்லை. எழுதுவதும் விடுவதும் உன் இஷ்டம். ராத்திரி நேரத்தோடு சாப்பிடுகிறாயா? மருமகள் அவள் அம்மா வீட்டுக்குப் போய் எத்தனை நாள் ஆகிறது என்று சித்தி கேட்டாள். எனக்கென்ன தெரியும் என்று சொல்லிவிட்டேன்.

பத்தாவது மார்க் ஷீட்டில் உன் பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போனதற்கு, தனியாகப் போய் ஹெட்மாஸ்டரிடம் பேசித் திருத்தி வந்தவன் நீ. தெரு முழுக்கச் சொல்லித் திரிந்தேன். இப்போது அம்மா அனுப்பிய மெசேஜைத் திறக்கக்கூட நேரமில்லை.

கோபமாக எழுதாதே என்றேனே, அதற்குக் காரணம் உண்டு. அப்பாவிடம்கூடச் சொன்னதில்லை. 1998இல் ஆபீஸில் ஒரு பெரியவருக்குப் பட்டா நகல் எழுதும்போது உட்பிரிவு 2ஏ என்பதை 2பி என்று எழுதிவிட்டேன். மஞ்சப்பையிலிருந்து எடுத்துப் பிரித்து, அந்த எழுத்தின் மேல் விரலை வைத்து, "இது எங்க நிலம் இல்லீங்கம்மா" என்றார். பார்த்ததுமே தெரிந்துவிட்டது, என் கையெழுத்துதான். "மேலேயிருந்து அப்படித்தான் வந்திருக்கு, மனு கொடுங்க" என்றேன். ஒரு நிமிட வேலை. சொன்னால் மெமோ வரும் என்று பயம். எட்டு மாதம் பஸ் ஏறி வந்துபோனார். கடைசியில் திருத்திக் கொடுத்தபோது நாலு முருங்கைக்காயை மேஜையில் வைத்து, "நல்லா இருங்கம்மா" என்று கும்பிட்டார். வாங்கிக்கொண்டேன். அன்றைக்கு ராத்திரி சாம்பார். நீ இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாய்.

சலான் எண் பிரிண்டின் மேலேயே இருக்கிறது. எந்த நேரமானாலும் போன் போடு. 2.47 ஆனாலும் விழித்துத்தான் இருக்கிறேன்.

அம்மா