பந்தில் ஒட்டிய சுண்ணாம்பு

வியாசர்பாடி
ஞாயிறு இரவு

அன்புள்ள பாஸ்கர்,

உன் வாய்ஸ் மெசேஜை மூன்று தடவை கேட்டேன். போனில் பதில் சொன்னால் பாதியிலேயே நீ குறுக்கே பேசுவாய், நானும் சத்தம் போடுவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் வீட்டுச் செய்தி. போன வாரம் கொடுங்கையூர் போய் அம்மாவைப் பார்த்தேன். முழங்கால் வலி பரவாயில்லையாம், மாடிப்படிதான் ஏற முடியவில்லை என்றார்கள். மாத்திரையெல்லாம் ஒழுங்காகப் போடுகிறார்கள், டப்பாவைத் திறந்து எண்ணியே பார்த்துவிட்டேன். வஞ்சிர மீன் குழம்பு ஒரு தூக்கு நிறையக் கொடுத்து அனுப்பினார்கள். நீ கவலைப்படாதே.

சரி, நீ கேட்டதுக்கு வருகிறேன். எல்லா கால்பந்து மேட்ச்சுக்கும் வீடியோ வைத்து, ரெஃப்ரீ ஊதுகிற ஒவ்வொரு விசிலையும் சரிபார்த்தால் என்ன என்கிறாய். தோஹாவில் அன்றைக்கு கேலரியில் உட்கார்ந்திருந்தவன் நீ, உன் வயிற்றெரிச்சல் எனக்குப் புரியாதா? 2024 ஜூன் 11. கத்தாருக்கு எதிராக, நம் இந்திய அணியின் சாங்டே அடித்த கோலில் நாம் 1-0 முன்னிலை. ஜெயித்தால் உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் முதல் தடவையாக மூன்றாம் சுற்று. 73-ஆவது நிமிஷம் நம் கோலி குர்பிரீத் தடுத்த பந்து கோட்டைத் தாண்டி வெளியே உருண்டுவிட்டது. கத்தார்க்காரர் ஒருவர் அதைக் காலால் உள்ளே இழுக்க, அவர்கள் அணியின் யூசுஃப் அய்மன் கோலுக்குள் தள்ளினார். நம் ஆட்கள் ஆட்டத்தை விட்டு நின்றே போனார்கள். ரெஃப்ரீ கோல் கொடுத்தார். அந்தச் சுற்றில் வீடியோ ரெஃப்ரீ கிடையாது. கடைசியில் 2-1 தோல்வி, வெளியே வந்துவிட்டோம். அன்றைக்கு ராத்திரி நான் சாப்பிடவில்லை. நம் கேப்டன் சுனில் சேத்ரி விடைபெற்று ஒரு வாரம்கூட ஆகவில்லை, அதற்குள் இப்படி.

அந்த மாதிரி விஷயத்துக்கு வீடியோ வேண்டும். அதில் உனக்கும் எனக்கும் சண்டையே இல்லை. 'ஒவ்வொரு விசிலுக்கும்' என்றாயே, அங்கேதான் நான் நிற்கிறேன்.

இன்றைக்கு சாயங்காலம் புளியந்தோப்பில் செவன்ஸ் ஃபைனல், அணிக்கு ஏழு பேர் ஆடுகிற ஆட்டம், நான்தான் ரெஃப்ரீ. இரண்டாவது பாதியில் இடது பக்கம் ஒரு பையன் பந்தைத் துரத்திக்கொண்டு போய் கோல் கோட்டு ஓரத்திலிருந்து உள்ளே திருப்பினான், அதை இன்னொருவன் தலையால் போட்டான். நான் பதினைந்து மீட்டர் பின்னால், நடுவில் இரண்டு பேர் மறைத்தார்கள். கோல் ஊதிவிட்டேன். எதிர் அணி கோலி, பதினேழு வயசு இருக்கும், சட்டையைப் பிடிக்கவில்லை, கத்தவில்லை. கோட்டருகே மண்டிபோட்டு, 'சார், இங்கே பாருங்க சார்' என்று ஒரு இடத்தையே விரலால் காட்டிக்கொண்டிருந்தான். அதே கோட்டுக்கு நேராக மதில்மேல் உட்கார்ந்திருந்த ஒரு பையன் போனோடு ஓடி வந்தான். விதிப்படி நான் அதைப் பார்க்கக் கூடாது. பார்த்தேன். திருப்புவதற்கு முன்பே பந்து வெளியே போயிருந்தது, பந்துக்கும் சுண்ணாம்புக் கோட்டுக்கும் நடுவே ஒரு சாண் செம்மண் தெரிந்தது. இன்னும் சென்டர் போட்டு ஆட்டத்தைத் திரும்பத் தொடங்கவில்லை, கோலை ரத்து செய்தேன்.

பத்து நிமிஷம் கழித்து, பாக்ஸுக்குள் டிஃபென்டர் கையில் பந்து பட்டது. நான் ஆட்டத்தை நிறுத்தவில்லை. பந்து வெளியே போனதும் அதே பையன் அதே போனோடு வந்தான். ஸ்லோ மோஷனில் பார்த்தால், கை பந்தைத் தேடிப் போகிற மாதிரியேதான் இருக்கிறது, நானே ஒரு நொடி ஆடிப்போனேன். 'சாதாரண வேகத்தில் போடு' என்றேன். இரண்டு கை தூரத்திலிருந்து வந்த பந்து, பையன் உடம்பைத் திருப்புகிறான், பட்டுவிட்டது. அவ்வளவுதான். பெனால்டி கொடுக்கவில்லை. ஒரு கோலில் தோற்றவர்கள் எனக்குக் கை கொடுக்காமலே போய்விட்டார்கள். முதலில் போனைப் பார்த்து மாற்றினாயே, இப்போது மட்டும் ஏன் மாற்றவில்லை என்று ஒரு பெரியவர் கேட்டார். நியாயமான கேள்வி. உனக்கு எழுதுவதே அவருக்குச் சொல்ல வேண்டிய பதில்தான்.

நம் சின்ன வயசில் போஸ்டுக்கு வலை ஏது? கம்பியில் பட்டுக் கீழே விழுந்து திரும்பி வந்த பந்தை எடுத்துப் புரட்டிப் பார்ப்போமே, ஞாபகம் இருக்கிறதா? சுண்ணாம்பு ஒட்டியிருந்தால் கோட்டின் மேல் விழுந்திருக்கிறது, கோல் இல்லை. அதோடு சண்டை முடிந்துவிடும். பந்து முழுசாகக் கோட்டைத் தாண்டியதா இல்லையா என்பதற்கு ஒரே பதில்தான். 2010 உலகக் கோப்பையில் ஜெர்மனிக்கு எதிராக இங்கிலாந்தின் லாம்பார்ட் அடித்தது கம்பியில் பட்டு நன்றாக உள்ளே விழுந்தது, டிவி பார்த்த எல்லோருக்கும் தெரிந்தது, ரெஃப்ரீக்குத் தெரியவில்லை. இரண்டு வருஷத்தில் கோல் கோட்டுத் தொழில்நுட்பத்துக்கு அனுமதி வந்தது. கோடு, ஆள் மாறி கார்டு காட்டியது, பாக்ஸுக்கு உள்ளேயா வெளியேயா, இதையெல்லாம் எத்தனை தடவை வேண்டுமானாலும் பார்க்கட்டும், மாற்றட்டும்.

ஆனால் வேண்டுமென்றே கையை வைத்தானா, எவ்வளவு பலமாக இடித்தான் என்பது சுண்ணாம்பு மாதிரி ஒட்டியிருக்காது. அதை ஒரு மனுஷன்தான் நிதானிக்க வேண்டும். 2018-இல் வீடியோவை விதியில் சேர்த்தபோதே 'தெளிவான, அப்பட்டமான தவறு' என்றால்தான் மாற்ற வேண்டும் என்று எழுதி வைத்தார்கள். அதே வருஷம் உலகக் கோப்பை ஃபைனலில் என்ன ஆனது? பிரான்ஸ், குரோஷியா 1-1. குரோஷியாவின் பெரிசிச் கையில் பட்ட பந்தை ரெஃப்ரீ பிட்டானா ஸ்கிரீனில் பார்த்தார், நகர்ந்தார், மறுபடி போய்ப் பார்த்தார், அப்புறம்தான் பெனால்டி கொடுத்தார். இரண்டாவது தடவை போய்ப் பார்க்க வேண்டியிருந்தது என்றால் அது எப்படி அப்பட்டமான தவறு ஆகும்? சாதாரண வேகத்தில் ஒரே தடவை காட்டு, அதில் தெரியவில்லையா, மைதானத்தில் ஊதியதுதான் முடிவு. நான் வைக்கிற விதி இதுதான், மச்சான்.

ஆஃப்சைடு, அதாவது பந்தை உதைக்கிற நொடியில் எதிர் அணியின் கடைசிக்கு முந்தைய ஆளைத் தாண்டி நிற்பது, அதுவும் கோடுதானே என்பாய். கோடுதான், ஆனால் பந்தை எப்போது உதைத்தான் என்பதும் சேர்ந்தது. நொடிக்கு 50 படம் எடுக்கிற கேமராவில், நொடிக்கு 8 மீட்டர் ஓடுகிறவன் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே 16 சென்டிமீட்டர் போய்விடுகிறான். அதை வைத்துக்கொண்டு தோள்பட்டை இரண்டு விரல்கடை முன்னால் இருந்தது என்று கோலைப் பறிப்பது அநியாயம். கத்தார் உலகக் கோப்பையில் பந்துக்குள்ளேயே நொடிக்கு 500 தடவை தகவல் அனுப்பும் சென்சார் வைத்தார்கள். அந்த வசதி இருந்தால் நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

இன்னொன்று. 2023-இல் இங்கிலாந்து லீக்கில் டாட்டன்ஹாமுக்கு எதிராக லிவர்பூலின் லூயிஸ் டியாஸ் அடித்தது நல்ல கோல். மைதானத்தில் ஆஃப்சைடு கொடுத்திருந்தார்கள். வீடியோ அறையில் இருந்தவர்களோ கோல் கொடுத்ததாக நினைத்து, பார்த்தாகிவிட்டது என்று சொல்லிவிட்டார்கள். சில நொடியில் தப்பு தெரிந்தும், ஆட்டம் தொடங்கிவிட்டதால் திரும்பப் போக விதி இடம் தரவில்லை. இது எனக்கு மனசே ஆறவில்லை. கண்ணெதிரே தெரிகிற தப்பு என்றால், ஒரு த்ரோ போட்ட பிறகும் நிறுத்தித் திருத்த வேண்டும்.

நம்ம ஊருக்கு அவ்வளவு கேமரா எங்கே என்று கேட்பாய். நம் நாட்டின் பெரிய லீக்கான ஐஎஸ்எல்லுக்கே 2024 வரை வீடியோ ரெஃப்ரீ வரவில்லையே. ஆனால் ஃபிஃபா 2024-இல் கொலம்பியாவில் நடந்த 20 வயதுக்குட்பட்ட பெண்கள் உலகக் கோப்பையில் ஒரு சின்ன ஏற்பாட்டைப் பரிசோதித்தது. தனி அறை, தனி ரெஃப்ரீ எதுவும் வேண்டாம். ஒரு அணிக்கு இரண்டு தடவை கோச் கேட்கலாம், ரெஃப்ரீயே ஸ்கிரீனில் போய்ப் பார்ப்பார். கேட்டது சரியென்றால் வாய்ப்பு கையிலேயே இருக்கும். அடுத்த டோர்னமெண்டில் கோல் கோட்டுக்கு நேராக பக்கத்துக்கு ஒரு போன் ஸ்டாண்ட் வைத்து இதைச் செய்து பார்க்கலாமா என்று கமிட்டியில் பேசியிருக்கிறேன். ஸ்டாண்ட் இரண்டு வாங்கக் காசு சேர்க்கிறோம், நீயும் கொஞ்சம் அனுப்பு.

ஒன்று மட்டும் மறக்காமல் எழுது. அன்றைக்கு தோஹாவில் நீ எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாய்? பந்து வெளியே போனது உனக்கு அங்கேயே தெரிந்ததா, இல்லை வெளியே வந்து போனில் பார்த்துத்தான் தெரிந்ததா?

உன்
குமார்