சி3 குறைந்தால் சக்தி குறைந்ததாக அர்த்தமில்லை

அன்புள்ள செல்வம்,

உன் வாய்ஸ் மெசேஜை ராத்திரி ரெண்டு தடவை கேட்டேன். போனில் பேசினால் நீ பாதியிலேயே குறுக்கே வருவாய், நானும் வேறெங்கோ போய்விடுவேன், அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில், லூபஸ் இருக்கிற கவிதாவுக்கு நீ கொடுக்கிற சீந்தில் பொடியை நிறுத்து. இன்றைக்கே. ரத்த ரிப்போர்ட்டில் சி3 48, சி4 6 என்று பார்த்துவிட்டு, 90க்கு மேல் இருக்க வேண்டிய சி3 பாதிதான் இருக்கிறது, அப்போ பிள்ளைக்கு எதிர்ப்பு சக்தி போய்விட்டது என்று நீயாகவே கணக்குப் போட்டுக்கொண்டு நாட்டு மருந்துக் கடைக்கு ஓடியிருக்கிறாய். உன்மேல் கோபமில்லை, அந்த எண்ணைப் பார்க்கிற எல்லோரும் அப்படித்தான் நினைப்பார்கள். ஆனால் லூபஸ் என்பதே எதிர்ப்பு சக்தி தன் உடம்பையே அடிக்கிற வியாதி. அதைத் தட்டி எழுப்புகிற பொடி எதற்கு? கொரோனா சமயத்தில் சீந்தில் சாப்பிட்டுக் கல்லீரல் கெட்டு வந்தவர்களைப் பற்றி மும்பை டாக்டர்கள் எழுதியது ஞாபகம் இருக்கும்.

சரி, இந்த சி3 என்னவென்று சொல்கிறேன். நான் லேபில் இருந்தபோது, சிபிலிஸ் பார்க்கிற வி.டி.ஆர்.எல். டெஸ்டுக்கு முன்னால் சீரத்தை, அதாவது ரத்தம் உறைந்தபின் மேலே தெளிகிற நீரை, 56 டிகிரி வாட்டர் பாத்தில் அரை மணி நேரம் வைப்போம், என் பாதி வாழ்க்கை அந்தத் தொட்டி முன்னால்தான் போனது. ஏன் என்று சீனியரைக் கேட்டால் "காம்ப்ளிமென்ட் சாவணும்டா" என்பார், அதற்கு மேல் பேச மாட்டார். நான் ஏதோ பாராட்டு என்று நினைத்துக்கொண்டேன் போ. அப்புறம் படித்தபோதுதான் தெரிந்தது, இதே சூட்டை வைத்துத்தான் 1890களில் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் ஜூல்ஸ் போர்டே இதைக் கண்டுபிடித்திருக்கிறார். கிருமியைக் கொல்கிற சீரத்தைச் சூடாக்கினால் அந்த வேலை நின்றுபோனது, நோய் எதிர்ப்பே இல்லாத ஒரு பிராணியின் புது சீரத்தைக் கொஞ்சம் சேர்த்தால் திரும்ப வேலை செய்தது. கிருமியைப் பிடித்து ஒட்டிக்கொள்கிற புரதமான ஆன்டிபாடி மட்டும் போதாது, குறையை நிரப்ப வேறொன்று வேண்டும் என்று புரிந்தது. 1919க்கான நோபல் பரிசு அவருக்குத்தான்.

அந்த வேறொன்றுதான் காம்ப்ளிமென்ட், சி3யும் சி4உம் அதில் சேர்ந்தவை. மொத்தம் முப்பதுக்கு மேற்பட்ட புரதங்கள், பெரும்பாலும் கல்லீரலில் உண்டாகி ரத்தத்தில் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். ஆன்டிபாடி எங்காவது கொத்தாக ஒட்டினால் சி1 போய் அதன்மேல் உட்காரும், அது சி4ஐயும் சி2ஐயும் வெட்டும், அவை சேர்ந்து சி3ஐ வெட்டும். 1, 4, 2, 3 என்று ஏன் இப்படி என்று கேட்காதே, கண்டுபிடித்த வரிசையில் எண் போட்டுவிட்டார்கள், நம் தெருவில் பழைய எண், புதிய எண் என்று ரெண்டையும் வைத்துக்கொண்டு கூரியர்காரர் அலைவாரே, அதே கதை. சி3 உடைந்ததும் பெரிய துண்டு அங்கேயே ஒட்டி அடையாளம் வைக்கும். சின்னத் துண்டுகள், சி3ஏ, அதற்கடுத்து சி5ஏ, ஊரைக் கூட்டும்: ரத்தக்குழாய் கசியும், வெள்ளணுக்கள் ஓடிவரும், வீங்கும், சிவக்கும். அதைத்தான் அழற்சி என்கிறோம். கடைசியில் சி5 முதல் சி9 வரை சேர்ந்து கிருமியின் தோலில் ஓட்டை போடும்.

கவிதாவுக்கு என்னவென்றால், அவள் உடம்பு தன் டிஎன்ஏ மேலேயே ஆன்டிபாடி செய்கிறது. டிஎன்ஏவும் ஆன்டிபாடியும் ஒட்டிய அந்தக் கொத்துகள் கிட்னியின் சல்லடையில் போய் அடைத்துக்கொண்டால் அங்கே இந்தக் கூத்து முழுவதும் நடக்கும், சிறுநீரில் புரதம் ஒழுகும். சி3 அங்கே செலவாகிக்கொண்டே இருக்கிறது. மாடியில் சின்டெக்ஸ் காலியானால் தண்ணீர் வரவில்லை என்று லாரிக்குப் போன் செய்வாயா, இல்லை கீழே எந்தக் குழாய் திறந்திருக்கிறது என்று பார்ப்பாயா? அவளுக்குக் கொடுக்கிற ஸ்டீராய்டும் மற்ற மாத்திரைகளும் குழாயை மூடுகிற வேலையைச் செய்கின்றன. சாதாரணக் காய்ச்சலில், புண்ணில், அழற்சியைக் காட்டுகிற சிஆர்பி ஏறுகிற மாதிரி சி3யும் கொஞ்சம் ஏறத்தான் செய்யும். இறங்கியிருக்கிறது என்பதால்தான் டாக்டர் உஷாரானார்.

என் தங்கை பேரனை நீ பார்த்திருக்கிறாய், கொருக்குப்பேட்டையில் இருக்கிறார்களே. போன வருஷம் காலெல்லாம் சிரங்கு வந்து ஆறியது, அப்புறம் ரெண்டு மூன்று வாரத்தில் முகம் வீங்கி, சிறுநீர் கோலா நிறத்தில் போனது. அவனுக்கும் கிட்னியில் இதே கூத்துதான். சி3 தரையில் கிடந்தது, வீடே அழுதது. டாக்டர் உப்பைக் குறைத்து, பிரஷருக்கு மாத்திரை கொடுத்து, எட்டு வாரம் கழித்து மறுபடியும் எடுங்கள், அப்போதும் ஏறவில்லையென்றால்தான் கிட்னியில் துளி சதை எடுத்துப் பார்க்கிற பயாப்சி பற்றி யோசிப்போம் என்றார். ஏழாவது வாரம் எடுத்தோம், 110. எந்தப் பொடியும் இல்லாமல் தானாக நிரம்பியது.

அப்போ இந்தக் காம்ப்ளிமென்ட் சனியனையே ஒழித்துவிடலாமே என்று நீ கேட்பாய், உன்னைத் தெரியாதா. முடியாது. சி1இன் ஒரு பகுதியான சி1க்யூ பிறவியிலேயே இல்லாதவர்களில் பெரும்பாலானவர்களுக்கு லூபஸ் வருகிறது. ஏனென்றால் செத்த செல்களின் குப்பையை அள்ளுவதும் இதே ஆள்தான். அள்ளாவிட்டால் அந்தக் குப்பையே உடம்புக்கு எதிரியாகத் தெரிய ஆரம்பிக்கும். எனக்கு இது படித்த நாளிலிருந்து ஆச்சரியம். சி5ஐ அடைக்கிற ஊசி 2007ல் வந்தது, அது வேறொரு ரத்த வியாதிக்காக, விலை கேட்டால் மயக்கம் வரும், அதைப் போடுகிறவர்கள் மூளைக்காய்ச்சலுக்குத் தடுப்பூசியும் போட்டுக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று. எப்போதும் ஒரே லேபில் எடு. நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் காம்ப்ளிமென்ட் மொத்தமாக எவ்வளவு வேலை செய்கிறது என்று பார்க்கிற சிஎச்50 சாம்பிளை மே மாத வெயிலில் ஐஸ் இல்லாமல் ஆட்டோவில் அனுப்பிவிட்டார்கள், ரிசல்ட் ஏறக்குறைய பூஜ்யம், அந்த வீட்டில் நாலு நாள் யாரும் தூங்கவில்லை. ஒரு எண்ணை வைத்துக்கொண்டு அழாதே. சி4 சிலருக்குப் பிறவியிலேயே குறைவாக இருக்கும். போன தடவைக்கு இந்தத் தடவை ஏறுகிறதா இறங்குகிறதா, டிஎன்ஏவுக்கு எதிரான ஆன்டிபாடியை அளக்கிற டிஎஸ்-டிஎன்ஏ எப்படி, சிறுநீரில் புரதம் எவ்வளவு, இதையெல்லாம் சேர்த்துத்தான் டாக்டர் பார்ப்பார். பழைய ரிப்போர்ட் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து அனுப்பு, தேதி தெரிகிற மாதிரி.

இங்கே தடைக்காலம், காசிமேட்டில் விசைப்படகெல்லாம் கட்டிக் கிடக்கிறது, வஞ்சிரம் விலையைக் கேட்டுவிட்டுக் கத்திரிக்காய் வாங்கி வந்தேன். ஜூன் 14 தாண்டியதும் கவிதாவைக் கூட்டிக்கொண்டு வா. மீன் குழம்பில் உப்பை அவளுக்குத் தனியாகக் குறைத்துப் போடச் சொல்லியாயிற்று, அண்ணி இருக்கிறாளே, இப்போதே அதற்குத் தனிச் சட்டி எடுத்து வைத்துவிட்டாள்.

பாஸ்கர்
ராயபுரம்