பிளஸ் 1 புத்தகம் எங்கே போனது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இதழில் பொறியியல் கல்வியைப் பற்றி வந்த கட்டுரையில் ஒரு வரி: "நுழைவுத் தேர்வு இருந்திருந்தால் இந்தத் தகுதியில்லாத கூட்டம் கல்லூரி வாசலை மிதித்திருக்காது." அந்தக் கூட்டத்துக்குத்தான் 24 ஆண்டுகள் முதலாமாண்டுக் கணிதம் நடத்தி ஓய்வு பெற்றேன். என் அப்பா காலத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வருகிற பத்திரிகையில் இப்படி ஒரு வரி வந்ததைப் படித்துவிட்டு அன்று முழுக்க மனம் ஆறவில்லை.

நுழைவுத் தேர்வு 1984இல் வந்ததும் 2006இல் சட்டம் போட்டு நீக்கப்பட்டதும் தாங்கள் அறிந்ததே. நான் வேலைக்குச் சேர்ந்தது 1999இல். பிளஸ் 2க்கு 200, நுழைவுத் தேர்வுக்கு 100 என்று 300க்குக் கட்-ஆஃப் பார்த்தபோதும் நடத்தினேன். கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200க்குப் பார்க்கும்போதும் நடத்தினேன். இரண்டு காலத்திலும் பிள்ளைகள் தடுக்கி விழுந்தது ஒரே இடத்தில்தான்: பிளஸ் 1 பாடம். ஏப்ரல், மே வெயிலில் மதுரையில் அறை எடுத்துத் தங்கி நுழைவுத் தேர்வுக் கோச்சிங் போக வசதி இருந்தவர்கள் போனார்கள். தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போகும் வீட்டுப் பிள்ளைகள் எங்கே போவார்கள்? உங்கள் கட்டுரையாளருக்கு இது நினைவில் இல்லை போலும்.

2016இல் ஒரு மாணவி சேர்ந்தாள். பிளஸ் 2 கணிதத்தில் 200க்கு 200. முதல் வாரம் பலகையில், பிளஸ் 1 பாடத்தில் வருகிற சாதாரணமான ஒரு தொகையிடல் கணக்கை எழுதினேன். நோட்டைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். மதியம் ஸ்டாஃப் ரூமுக்கு வந்து அழுதாள். "மேடம், எங்க ஸ்கூல்ல லெவன்த் நடத்தவே இல்ல. ஜூன்லயே ட்வெல்த் புக்கைக் குடுத்துட்டாங்க. இன்ஸ்பெக்‌ஷன் வந்தா மட்டும் லெவன்த் புக்கை எடுத்து பெஞ்சு மேல வைக்கச் சொல்வாங்க." இரண்டு வருடமும் ஒரே புத்தகம். பயிற்சி எண்ணைச் சொன்னால் விடையைச் சொல்லிவிடுவாள். அதே கணக்கில் 3ஐ எடுத்துவிட்டு 5ஐப் போட்டால் பேனா நின்றுவிடும். நகையை அடகு வைத்து அந்த விடுதிப் பள்ளிக்குப் பணம் கட்டியிருந்தார் அவளுடைய அப்பா. எம்1 என்கிற முதல் கணிதத் தாளில் இரண்டு முறை அரியர் வைத்தாள். என்னோடு சாப்பாட்டு இடைவேளைகளில் உட்கார்ந்து மூன்றாம் முறை தேறினாள். அவளைத் தகுதியில்லாதவள் என்று எப்படிச் சொல்வது?

2017-18இல் பிளஸ் 1க்குப் பொதுத்தேர்வு கொண்டுவந்தபோது மிகவும் சந்தோஷப்பட்டேன். முதலில் இரண்டு ஆண்டு மதிப்பெண்ணும் சேரும் என்றார்கள். மறு வருடமே, மேற்படிப்புக்குப் பிளஸ் 2 மதிப்பெண் மட்டும் போதும் என்றார்கள். கொரோனாவில் 2021இல் பிளஸ் 2 தேர்வே நடக்கவில்லை. பத்தாம் வகுப்பிலிருந்து 50, பிளஸ் 1இலிருந்து 20, பிளஸ் 2இலிருந்து 30 சதவீதம் என்று கூட்டி மதிப்பெண் கொடுத்தார்கள். 2025இல் பிளஸ் 1 பொதுத்தேர்வையே எடுத்துவிட்டார்கள். மூன்று வருடம் தொடர்ந்து பொதுத்தேர்வு என்பது பிள்ளைகளுக்குப் பாரம்தான், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பிளஸ் 1 பாடம் நடத்தப்படுகிறதா என்று இனி யார் பார்ப்பார்கள்?

கல்லூரிகளும் பார்க்கவில்லை. புதிதாகச் சேர்பவர்களுக்கு மூன்று வார அறிமுகப் பயிற்சி வேண்டும் என்று ஏஐசிடிஇ (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) சொன்னபோது, அதில் ஒரு வாரத்தைக் கணிதத்துக்குக் கொடுங்கள் என்று நான் இருந்த கல்லூரி நிர்வாகத்திடம் எழுதிக் கேட்டேன். இரண்டு பீரியட் கிடைத்தது. மீதி நாட்களில் தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள் வந்து பேசினார்கள். அந்தக் கடிதத்தின் நகல் இன்னும் என்னிடம் இருக்கிறது.

உங்கள் பத்திரிகையிடமும் எனக்கு வருத்தம் உண்டு. ஜனவரி பிறந்தால் மாணவர் இணைப்பில் "முக்கிய வினாக்கள்", மே மாதம் சென்டம் வாங்கியவர்களின் படங்கள். அந்தப் பிள்ளைகளில் ஒருவரிடமாவது "பிளஸ் 1 பாடம் நடத்தினார்களா?" என்று உங்கள் நிருபர் கேட்டதுண்டா?

பிளஸ் 2 தேர்வு மார்ச்சில் முடிகிறது. கவுன்சிலிங் முடிந்து கல்லூரி திறக்க ஆகஸ்ட், செப்டம்பர் ஆகிவிடுகிறது. இடைப்பட்ட மாதங்களில், மாணவர் இணைப்பில் வாரம் அரைப் பக்கம் பிளஸ் 1 கணிதத்துக்கு ஒதுக்குங்கள். முக்கோணவியலில் தொடங்கி வகையிடல், தொகையிடல் வரை பன்னிரண்டு வாரத்துக்கு நானே எழுதித் தருகிறேன். சன்மானம் வேண்டாம். முதல் இரண்டு பாடங்களை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கணிதப் பேராசிரியை,
விருதுநகர்.