சி மொழி வகுப்பில் தமிழையும் வாசிக்கச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கல்லூரி ஆய்வகங்களில் சி மொழி உள்ளீட்டுப் பாடம் பெரும்பாலும் ஒரு முறைக்கு ஒரு பைட்டை வாசிக்கும் கெட்சார் ஃபங்ஷனோடு முடிந்துவிடுகிறது. அதில் 'தமிழ்' என்று தட்டினால் 15 பைட்டுகள் வரும். எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட்டு. உடனே 'சி மொழியில் தமிழ் வராது' என்று மாணவர் முடிவுகட்டுகிறார். ஆனால், பைட்டு பைட்டாக அல்லாமல் முழுக் குறியீடாக வாசிக்கும் கெட்-டபிள்யூ-சார் போன்ற வைடு கேரக்டர் ஃபங்ஷன்கள் 1995ஆம் ஆண்டுத் திருத்தத்திலேயே சி தரத்தில் சேர்ந்துவிட்டன.

அவற்றைப் பயன்படுத்தியும் வரவில்லை என்பவர்கள் முதலில் லோகேலை, அதாவது நிரலின் மொழி, எழுத்துமுறை அமைப்பைப் பார்க்க வேண்டும். எந்த சி நிரலும் 'சி' என்ற லோகேலில்தான் தொடங்கும். அதற்குத் தமிழ் தெரியாது. லினக்ஸில் முதல் தமிழ் எழுத்திலேயே வாசிப்பு பெரும்பாலும் நின்றுவிடும். முதல் வாசிப்புக்கு முன்பே, வெற்று மேற்கோள் கொடுத்து செட்லோகேலை அழைக்க வேண்டும். டெர்மினலில் லோகேல் கட்டளை கொடுத்து, எழுத்துமுறையைக் குறிக்கும் எல்சி-சிடைப் வரியில் யூடிஎஃப்-8 இருக்கிறதா என்றும் பாருங்கள். அது இல்லாவிட்டால் செட்லோகேல் பிழை காட்டாமலே பழைய நிலையில் விட்டுவிடக்கூடும்.

வாசித்த மதிப்பை டபிள்யூ-சார்-டி மாறியில் வாங்கக் கூடாது, விண்ட்-டி மாறியில்தான் வாங்க வேண்டும். முடிவைக் குறிக்கும் டபிள்யூ-இஓஎஃப் முன்னதில் அடங்கும் என்ற உறுதி இல்லை. பிழையான பைட் வரிசை வந்தாலும் இதே மதிப்புதான் திரும்பும். ஆகவே கோப்பு உண்மையிலேயே முடிந்ததா என்று சொல்லும் எஃப்இஓஎஃப் கொண்டு சோதிக்காமல் கோப்பு முடிந்தது என்று எண்ணினால், பாதிக் கோப்பு சத்தமில்லாமல் விடுபடும்.

இன்னொன்று: ஒரே ஸ்ட்ரீமில், அதாவது திரை போன்ற ஒரே வெளியீட்டு வழியில், அச்சிடும் பிரிண்ட்எஃப், அதன் வைடு கேரக்டர் வடிவமான டபிள்யூ-பிரிண்ட்எஃப் இரண்டையும் கலக்க வேண்டாம். முதலில் எது வந்ததோ அதற்கே அந்த ஸ்ட்ரீம் கட்டுப்படும். லினக்ஸில் மற்றதன் வரி திரையில் வராமலே போகும்.

இவ்வளவும் சரியானால் 'தமிழ்' 5 குறியீடுகளாக வரும்: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. நமக்கோ எழுத்து 3. யூனிகோடு எண் 0பிபிஇ முதல் 0பிசிடி வரையுள்ள குறிகளையும் 0பிடி7ஐயும் எண்ணாமல் விட்டால் 3 கிடைத்துவிடும். இதையே ஆய்வகப் பயிற்சியாக வைக்கலாம். க்ஷ, ஸ்ரீ இரண்டும் இந்த விதிக்குள் வராமல் இரண்டிரண்டாக எண்ணப்படும். அவற்றைத் தனியே கையாளச் சொல்லி அடுத்த பயிற்சியைத் தரலாம். பாடத்திட்டக் குழுவினர் இதைச் சேர்க்க வேண்டுகிறேன்.

சி மொழிப் பயிற்றுநர்,
கோவை