தாளை நீட்டுவதற்கு முன்

காரைக்குடி

அன்புள்ள சொக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் சுகம். வெயில்தான் திண்ணையில்கூட உட்கார விடமாட்டேன் என்கிறது.

எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கான புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தின் தேர்வுத் தாளைப் பிறமொழி பேசுகிற தெருக்களிலும் அப்படியே கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறாய். கொடுக்காதே. வாசிப்புக்கு 50, எழுத்துக்கு 50, கணக்குக்கு 50 என்ற பங்கீட்டில் குறையில்லை. ஆனால் மக்கள்தொகைக் கணக்கெடுப்பே, ஏதாவது ஒரு மொழியில் புரிந்து வாசிக்க, எழுதத் தெரிந்தால் எழுத்தறிவு என்கிறது. தமிழ்த் தாளை மட்டும் நீட்டினால் அந்த 'ஏதாவது ஒரு மொழி' காணாமல் போகிறது.

முதலில் வாயால் மூன்று கேள்வி கேள்: வீட்டில் என்ன பேச்சு, முதலில் பழகிய எழுத்து எது, செல்போனில் எந்த எழுத்தைப் பார்க்கிறார்? வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் நெசவாளர் படித்தது தமிழாக இருந்தால் தமிழ்த் தாளே போதும். உருது பேசும் வீட்டு மூதாட்டி குர்ஆனைச் சரளமாக ஓதலாம், பொருள் தெரியாமல் இருக்கலாம். அவரை எழுத்தறியாதவர் என்று போடாதே, ஓதுவதை முழு வாசிப்பு என்றும் போடாதே. எழுத்துக் கூட்டுவதற்கும் பொருள் கொள்வதற்கும் தனித்தனிக் கட்டம் வேண்டும்.

சௌராஷ்டிர மொழிக்குச் சொந்த எழுத்து உண்டு. 2008இல் யூனிகோடிலும் ஏறியது. இருந்தும் பலர் தமிழ் எழுத்திலேயே, தமிழில் தனியெழுத்து இல்லாத ஒலிகளுக்கு க², க³ என்று மேலே எண் போட்டு எழுதுவார்கள். சொல்வதெழுதலில் அதைப் பிழையென்று அடித்துவிடப் போகிறாய்!

நரிக்குறவர் குடியிருப்பில் கணக்கைத் தாளில் தொடங்காதே. அவர்கள் பேசும் வாக்ரிபோலி மொழிக்கு எழுத்து மரபில்லை. "பாசிமாலை 35 ரூபாய். மூன்று எடுத்துக்கொண்டு 500 ரூபாய் கொடுத்தால் மீதி?" என்று கேள். 395 பட்டென்று வரும். அதையே எழுதச் சொன்னால் 300905 என்று எழுதுபவர் உண்டு: முந்நூறு, தொண்ணூறு, ஐந்து, காதில் விழுந்த வரிசையிலேயே. கணக்கில் தப்பில்லை, இடமதிப்பு பழகவில்லை. இரண்டுக்கும் ஒரே பூஜ்யம் போட்டால், பிறகு எதைச் சொல்லிக்கொடுப்பது?

பேருந்துப் பலகையைக் காட்டி வாசிப்பைச் சோதிக்காதே; வண்டியின் நிறம், நிற்கும் இடத்தை வைத்தே ஊரைச் சொல்லிவிடுவார்கள். வெள்ளைத் தாளில் 'தேவகோட்டை', 'புதுக்கோட்டை' இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டு. வால் ஒன்றாக இருப்பதால், வடிவத்தை வைத்து ஊகிப்பவர் அங்கே மாட்டிக்கொள்வார்.

மொழிபெயர்க்க வீட்டுப் பிள்ளையை உட்கார வைக்காதே. கேள்வியோடு விடையும் போய்ச் சேர்ந்துவிடும். கட்டட வேலைக்கு வந்தவர்களை எல்லாம் 'இந்திக்காரர்' என்று ஒரே கட்டுக்குள் தள்ளாதே. ஒடியா எழுத்து வேறு, வங்க எழுத்து வேறு.

திருத்திய தாளை அனுப்பு. அந்த மேல் எண்கள் அச்சில் ஒழுங்காக விழுகின்றனவா என்று பார்த்துத் தருகிறேன்.

அன்புடன்,
அழகு